அகத்தா செய்த மரம்

பேய்க்கதை என்றால் எனக்கு உயிர். லோரி ஓட்டுகிறவனுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சுங்கைப்பட்டாணி பசாரில் பழைய புத்தகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்தின் கடையில் இருந்த பேய்க்கதைகள் அத்தனையையும் படித்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான். எல்லாம் சீமைக் கதைகளைத் தமிழாக்கியவை. பனி பெய்யும் மலை, மலைமேல் பாழடைந்த மாளிகை, மாளிகையின் உச்சியில் ஓர் அறை. அந்த அறையில் படித்த மனிதர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் எதையோ கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். சாவுக்கு மருந்து, அணையாத விளக்கு, இப்படி ஏதாவது. கடைசியில் கண்டுபிடித்தும் விடுவார். உடனே இடி விழும், மாளிகை எரியும், ஆள் காலி.

இந்தக் கதைகள் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அந்த மனிதருக்குப் பத்து வருடம் சோறு போட்டது யார்? எந்த எழுத்தாளரும் அதைச் சொல்வதில்லை. அவருக்கு ஒரு மனைவி இருப்பாள். மூன்றாம் அத்தியாயத்தில் வந்து கதவைத் தட்டுவாள், ஏழாம் அத்தியாயத்தில் அழுவாள், அதோடு சரி. கீழே ஆறிப்போன சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதையில் இரண்டு வரிக்கு மேல் கிடையாது. எனக்கு இதில் கோபம் வரக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். உச்சி அறையில் இருந்தவள் என் மனைவி அகத்தா.

உச்சி அறை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்கு ஏது மாடி? அவளுடைய அறை கல்லறைத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே கிடந்த ஒரு துண்டு நிலம். அங்கே ஒரு வேலைக்கும் ஆகாத லாலாங் புல் மட்டும் செழிப்பாக வளரும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1970இல். அப்போதே அவள் நாற்றுமேடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பால்மரக் கன்றை விதையில் முளைத்தபடியே வளர விடுவதில்லை. ஒரு வருடம் வளர்ந்ததும் அடித்தண்டில் பட்டையைச் சின்னதாகத் திறந்து, நிறையப் பால் தரும் ஜாதி மரத்திலிருந்து எடுத்த துளிர்க் கண்ணை உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். மூன்று வாரத்தில் கண் பிடித்துவிட்டால் பழைய தண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். வேர் ஒரு மரத்துடையது, அதற்கு மேலே வளர்வது இன்னொரு மரம். இதற்குப் பெயர் ஒட்டுக்கட்டு. கத்தி பிடிப்பது ஆண்கள், பின்னாலேயே போய் நாடா சுற்றுவது பெண்கள் என்பது எங்கள் தோட்டத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

அகத்தா ஆறு வருடம் நாடா சுற்றினாள். ஒருநாள் கத்திக்காரர் பழனியாண்டி அண்ணனுக்குக் காய்ச்சல். அவருடைய கத்தியை எடுத்து இவள் நூறு கன்றுகளுக்குக் கண் வைத்தாள். தொண்ணூற்றாறு பிடித்தது. பழனியாண்டி அண்ணன் வைத்தால் எண்பது பிடிக்கும், அதையே அவர் பெரிதாகப் பேசுவார். அதற்குப் பிறகு கத்தி இவள் கைக்கு வந்தது. அண்ணன் இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைப்பு. எனக்கு ஒட்டுக்கட்டில் தெரிந்தது அந்த நாடாவின் நிறம் மட்டுமே.

1974ஆம் வருடம் ஏப்ரலில் ஒரு காற்று அடித்தது. அரை மணி நேரம்தான். புதுக்காட்டில் நட்டு நான்கு வருடமான மரங்கள், இன்னும் கொஞ்ச நாளில் பால் வெட்ட வேண்டியவை, நூற்றுக்கணக்கில் தலை முறிந்து கிடந்தன. நிறையப் பால் தரும் அந்த ஜாதிக்கு மேலே கிளை அடர்த்தி, காற்றைத் தாங்காது. முறிந்த கிளைகளை ஏற்றிப்போக லோரியோடு நான் போயிருந்தேன். எல்லாரும் முறிந்ததைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருக்க, அகத்தா மட்டும் எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கிழட்டு மரம் உண்டு. எந்தக் காலத்திலோ யார் போட்ட விதையோ, தானாக வளர்ந்தது. வெட்டினால், பால் பிடிக்கக் கட்டும் மங்குக் கிண்ணத்தில் பாதிகூட வராது என்று அதை யாரும் சீண்டுவதில்லை. அந்த மரத்தில் ஒரு கிளை முறியவில்லை.

"ஒடம்பு பால் மரமா இருக்கட்டும். தலைய மட்டும் அதோட தலையா மாத்திட்டா என்னங்க?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நிமிடம் தொடங்கி ஒன்பது வருடத்துக்கு அவளுக்கு அந்தக் கேள்வி மட்டும்தான். வேர் ஒரு மரம், உடம்பு இரண்டாவது மரம், தலை மூன்றாவது மரம். அப்படி ஒன்றைச் செய்தால் அது பாலும் குறையாமல், காற்றுக்கும் முறியாமல் நிற்குமா, நிற்காதா? இதற்குப் பதில் தெரிய வேண்டும். மற்றவர்கள் மனைவிமார் தையல் மெஷின் கேட்ட காலத்தில் என் மனைவி கேட்டது இதுதான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி சீனிவாசகத்திடம் அவளே போய் நின்றாள். கழித்துப்போட்ட கன்றுகளில் முப்பதும், அந்த லாலாங் நிலமும் வேண்டும் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலை மாற்றுகிற கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். நல்ல மனிதர். ஓடைக் கரை அரிக்காமலிருக்க மரம் நடுகிறோம் என்று துரையிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொடுத்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அகத்தா இருந்தாள் என்று சொல்ல முடியாது. மத்தியானம் வேலை முடிந்தால் நிலத்துக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால், மாதா கோவில் உடுப்பைக்கூட மாற்றாமல் போவாள். எங்கள் மகள் பேட்ரிசியாவுக்கு இரட்டைச் சடை போட நான் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். ஒரு சடை மேலே தூக்கிக்கொண்டும் ஒன்று கீழே தொங்கிக்கொண்டும் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். சோறு நானே வடித்தேன். மிளகாய்ச் சம்பால் இடித்தேன். சாப்பிட உட்காருவாள். லோரி டயர் வெடித்த கதையை நான் சொல்லிக்கொண்டிருப்பேன், "ஆமா" என்பாள். டயர் வெடித்ததுக்கு என்ன ஆமா?

லயத்தில் பேச்சுக் கிளம்பியது. கல்லறை மரத்தில் ஏறிக் குச்சி வெட்டுகிறாள், ஓடையோரம் தனியாக உட்கார்ந்து எதையோ முணுமுணுக்கிறாள், அகத்தா அங்கேயே குடியேறிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி குழாயடியில் சொன்னது என் காதுக்கே வந்தது. நான் போய்க் கத்திவிட்டு வந்தேன். முணுமுணுப்பது மந்திரமில்லை, மரங்களின் எண் என்று கத்தினேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் செல்லாயி சொன்னதில் பாதி உண்மை என்று பட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைப்பானேன்? பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். பெண்டாட்டி மரத்தோடு போய்விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் புத்தி வரட்டும் என்று ஒரு பேய்க்கதையை எடுத்துச் சொன்னேன். மலை மாளிகையில் ஒரு பிரபு, சாவுக்கு மருந்து தேடிப் பதினோரு வருடம் உச்சி அறையில் இருக்கிறார், மனைவி கதவுக்கு வெளியே நின்று நின்றே கிழவியாகிவிடுகிறாள், கடைசியில் எல்லாம் சாம்பல். எனக்குத் தெரிந்த அளவு உருக்கமாகத்தான் சொன்னேன். அகத்தா முழுவதும் கேட்டாள். பிறகு அந்தப் பிரபு தினம் தினம் செய்ததைக் குறித்து வைத்தானா என்று கேட்டாள். கதையில் அப்படி இல்லை என்றேன்.

"கதவ ஏன் சாத்திக்கிட்டான்?"

"அப்பத்தானே யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"சாத்திக்கிட்டா, செய்யறது தப்புன்னு அவன்கிட்ட யாரு சொல்றது? படிச்ச முட்டாளா இருக்கான் லா."

இதைச் சொன்னவள், தான் அந்த மரங்களுக்கு என்ன செய்கிறாள் என்று எனக்கு ஒரு நாளும் விளக்கியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அந்த மரங்களை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

இனிச் சொல்லப்போவது 1977ஆம் வருடத்துச் சமாசாரம். அவள் செய்த வேலையை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாசிப்பவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது சரியாக விளங்கும். முப்பது கன்றுகளில் நான்கு நட்ட வருடமே பட்டுப்போயின. மீதி இருபத்தாறும் அந்த வருடம் எட்டடிக்கு மேல் வளர்ந்துவிட்டன. செப்டம்பரில் அகத்தா ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு மரத்திலும் ஏழடி உயரத்தில் கல்லறை மரத்தின் கண்ணை வைத்துக் கட்டினாள். இருபத்தாறும் பிடித்தன. கண்ணுக்குச் சற்று மேலே பட்டையில் ஒரு கீறல் போட்டால் அது சீக்கிரம் துளிர்க்கும். அப்படியே துளிர்த்தது. பழைய தலையை உடனே வெட்டினால் மரம் திகைத்துவிடும் என்று, தளிர் ஒரு முழம் வளரும்வரை அதை விட்டுவைத்திருந்தாள். ஆக, பார்க்கிறவன் கண்ணுக்கு அது வழக்கமான ஒட்டுமரம். மேலே தழைத்த தலை, அதற்குக் கீழே தண்டின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தளிர்.

அக்டோபர் கடைசியில் அலோர் ஸ்டாரிலிருந்து ஆள் வந்தது. அவளுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். அகத்தா அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய வாரம் எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கர் எல்லாரும் கல்லறைகளைச் சுத்தம் செய்வது வழக்கம். புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி வைக்க இடம் ஒதுக்குவோம். நானும் என் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்தேன். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து சிலுவைக்கு இரண்டு பூச்சு அடித்தேன். வேலை முடிந்தும் கை நிற்கவில்லை. கல்லறைச் சுத்தம் செய்யப் போனவர்களுக்குத் தெரியும், அந்த வேகத்தில் பக்கத்துக் கல்லறையையும் சேர்த்துச் செய்துவிட்டுத்தான் மனம் ஆறும். எதிரே அகத்தாவின் மரங்கள் நின்றன. அவள் ஊரில் இல்லை. நான் இந்த மூன்று வருடத்தில் அவளுடைய மரங்களுக்கு ஒரு துரும்பைக் கிள்ளிப்போட்டதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் அலைந்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரிந்த ஒரு பாடம் உண்டு. இளமரத்தில் எட்டடிக்குக் கீழே கிளை இருக்கக் கூடாது. பால் வெட்டத் தண்டு வழவழப்பாக நேராக வேண்டும். பக்கத்தில் தளிர் எட்டிப்பார்த்தால் கண்டவர்கள் ஒடித்துவிட்டுப் போக வேண்டும். போகிற போக்கில் கிழவிகள்கூடக் குடைக் கம்பால் தட்டிவிட்டுப் போவார்கள். அகத்தாவின் மரங்களில் ஏழடியில் தளிர்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன. தலை மாற்றுவதென்றால் உச்சியை வெட்டிவிட்டு அங்கே ஒட்டுவாள் என்று நினைத்திருந்த எனக்கு அவை வெறும் பக்கத் தளிர்கள். அடடா, ஒட்டுக்கட்டில் இவ்வளவு கெட்டிக்காரி, தளிர் ஒடிக்க நேரமில்லாமல் விட்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

ஏணியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக ஒடித்தேன். சும்மா ஒடிக்கவில்லை. சுத்தமாக, பட்டை கிழியாமல் ஒடித்து, மீதமிருந்த சுண்ணாம்பைக் காயத்தில் தடவினேன். பதின்மூன்று மரம் முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் லோரி வேலை விடவில்லை. இல்லையென்றால் இருபத்தாறையும் முடித்திருப்பேன்.

திருநாளுக்கு முதல் நாள் அகத்தா வந்தாள். அம்மாவுக்குக் குணமாகிவிட்டதாம். பையை வாசலில் வைத்துவிட்டு நேரே நிலத்துக்குப் போனாள். நான் கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு, பாராட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கல்லற மரத்து தளிர யாரோ ஒடிச்சிட்டாங்க. பதிமூணு. அதுதான் புது தல."

என் கையிலிருந்த கோப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரே வாக்கியம். பயந்துவிட்டேன். பாதி போய்விட்டவள் இதைக் கேட்டால் முழுதாகப் போய்விடுவாள் என்று பயம்.

"யாரு செஞ்சாங்களோ," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான பேச்சு அது. அகத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பியை என் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது பக்கத்தில்தான் நின்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

ஒடித்த காயம் ஆறி மறுபடி கண் வைக்கலாமென்பதற்குள் வறட்சி தொடங்கிவிட்டது, பட்டை உரியாது. அடுத்த மழைக்குள் அந்தப் பதின்மூன்று மரமும் மேலே தன் சொந்தக் கிளைகளை விரித்துக்கொண்டு விட்டன. அகத்தா அவற்றை வெட்டி எறியவில்லை. மரக்கணக்கு எழுதிவந்த தன் நோட்டில் அந்த எண்களுக்கு எதிரே சிவப்பு மசியில் 'சொந்தத் தலை' என்று எழுதினாள். மற்ற பதின்மூன்றுக்குப் பழைய தலையை வெட்டி, 'மாற்றுத் தலை' என்று எழுதினாள்.

குற்றம் செய்தவனுக்கு வேலை செய்ய வெறி வரும் என்பதை எந்தப் பேய்க்கதையும் எனக்குச் சொல்லவில்லை. வறட்சியில் லோரியில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் கொண்டுபோனேன். பெரிய கிராணி அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார். லாலாங் வெட்டினேன், ஓடைக்கு அணை கட்டினேன், பன்றி வராமல் வேலி போட்டேன். மரத்தைப் பற்றி அவளிடம் கேட்கவும் ஆரம்பித்தேன், அவளும் சொல்ல ஆரம்பித்தாள். எந்த மரம் எவ்வளவு பருமன், எந்தத் தலையில் இலை முதலில் உதிர்கிறது என்றெல்லாம் நாங்கள் சாப்பிடும்போது பேசினோம். வேறு எதைப் பற்றியும் பேசலாம். ஒடிந்த தளிர்களைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. இப்படி ஆறு வருடம்.

அடிமரம் இருபது அங்குலம் சுற்றளவுக்கு வந்தால்தான் பால் வெட்டலாம். சொந்தத் தலை மரங்கள் முதலில் வந்துவிட்டன. மாற்றுத் தலை மரங்கள் மெதுவாக வந்தன. எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று அகத்தா ஒரு வருடம் பொறுத்தாள். 1983ஆம் வருடம் தொடக்கத்தில், இந்த வருடக் கடைசியில் ஓடைப் பக்கம் முழுவதும் அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள் என்று பெரிய கிராணி வந்து சொன்னார். அகத்தா விரலைவிட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தாள். போதும் என்றாள். ஏப்ரலில் இலை துளிர்த்து முதிர்ந்ததும் வெட்ட ஆரம்பித்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அவள் வெட்டுவாள். நான் ஒவ்வொரு மங்காகக் கோடு போட்ட பால்டின்னில் ஊற்றி அளவு சொல்வேன். எண்ணும் அளவும் நோட்டில் ஏறும். முதல் வாரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சொந்தத் தலை மரம் டின்னில் மூன்று கோடு தந்தால் மாற்றுத் தலை மரம் இரண்டு தந்தது. இரண்டாவது வாரம், மூன்றாவது மாதம், எப்போது அளந்தாலும் அதே கணக்கு. நடுவில் ஒரு காற்று வந்து சொந்தத் தலையில் மூன்றை முறித்துப்போட்டது. மாற்றுத் தலையில் ஒன்றுகூட அசையவில்லை. ஆக, மரம் நிற்கிறது, பால் குறைகிறது. கல்லறை மரத்தின் தலை தன் கஞ்சத்தனத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ஒருநாள் காலையில் பாதி நிறைந்த மங்கைக் கையில் வைத்துக்கொண்டு அகத்தா அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

அந்த நோட்டைப் பற்றிய சேதி அவளுடைய அம்மாவின் பங்குக் கோவில் வழியாக ஏசுதாசன் என்பவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அலோர் ஸ்டாரில் விவசாய இலாகாவில் அதிகாரி. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கார் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மரங்களைச் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நோட்டை ஒரு மணி நேரம் படித்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். தலை மாற்றும் வேலையைப் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அகத்தாவின் முகம் வாடும் என்று பார்த்தேன். எந்த மரத்துத் தலையை வைத்தார்கள் என்று அவள் கேட்டாள். இந்தக் கல்லறை மரத்தை யாரும் வைத்துப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னதும், அப்படியானால் இது புதுப் பதில்தானே என்றாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் சிவப்பு மசி எழுத்தின்மேல் விரல் வைத்தார். "அக்கா, இந்த பதிமூணு மரம் இல்லாட்டி நோட்டுல ஒண்ணுமே இல்ல. இருபத்தாறுக்கும் தலைய மாத்தியிருந்தா, பால் கொறைஞ்சது தலையாலயா மண்ணாலயான்னு எப்படி தெரியும்? ஒரே மண்ணு, ஒரே வயசு, பாதிக்கு சொந்த தலை. படிச்சவங்களே இத மறந்துடுவாங்க. பாதிய விடணும்னு யாரு யோசிச்சா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகத்தா கையிலிருந்த கத்தியைத் துடைத்து உறைக்குள் போட்டாள்.

"அது நான் யோசிச்சதில்ல தம்பி. அத செஞ்சது என் வீட்டுக்காரரு," என்றாள்.

ஏசுதாசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழுப்பெயர் என்ன என்று கேட்டு, இஞ்ஞாசிமுத்து, லோரி ஓட்டுநர் என்று தன் காகிதத்தில் அகத்தாவின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார். நோட்டைப் பத்திரமாகப் படி எடுத்து அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவருடைய கார் வளைவில் திரும்பி மறையும்வரை அகத்தா சிரித்த முகத்தோடு கை காட்டினாள்.

கார் மறைந்ததும் திரும்பினாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே. ஒடிச்ச எடமெல்லாம் நீலம் போட்ட சுண்ணாம்பு. ஒங்கப்பா சிலுவையில அடிச்ச சுண்ணாம்பு. பொறாமையில ஒடிக்கிறவன் காயத்துக்கு மருந்து போடுவானா? இந்த தோட்டத்துல ஒடிச்சிட்டு மருந்து போடற ஆளு ஒருத்தர்தான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நான் ஏன் சொல்லணும்? ஒடிச்சது நீங்க. ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு ஆறு வருசம் பாத்தேன். யாரு செஞ்சாங்களோ! யாரு செஞ்சாங்களோன்னு எங்கிட்டயே சொன்னீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

அதற்கு மேல் அவள் எனக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து லயத்துக்கு அரை மைல் இருக்கும். அவள் முன்னால் நடந்தாள், நான் வாளியையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழி முழுவதும் திட்டினாள். ஒடித்ததற்குத் திட்டினாள், பொய் சொன்னதற்குத் திட்டினாள், தண்ணீர் பீப்பாய் தூக்கித் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டதற்கும் திட்டினாள். பேட்ரிசியாவின் கோணல் சடைக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நடுவில் ஒருமுறை நின்று, தளிர் வைத்திருக்கிறேன், ஒடிக்காதீர்கள் என்று புருசனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிய தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அந்த மூன்று வருடமும் கூடவே இருந்தவருக்கு, மரங்களுக்குத் தான் என்ன செய்கிறாள் என்றே சொல்லவில்லையே என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

எதிரே வந்த செல்லாயி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக மரத்தோடு பேசிக்கொண்டிருந்தவள், மூச்சு விடாமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். வாளி கனத்தது, ஏணி தோளை அறுத்தது. லயத்து முதல் வீடு தெரிந்தபோது, இன்னும் ஒரு அரை மைல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.